என் தொடைக்குள் ஒரு வானிலை ஆய்வு மையம்!

நுங்கம்பாக்கத்தில் இருப்பது அரசாங்கத்து வானிலை மையம். கருங்குழியில் இன்னொன்று இருந்தது, தெரியுமோ? விலாசம்: என் இடது தொடை!

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மாசி மாத ராத்திரி. ஆபீஸ் முடிந்து பைக்கில் வருகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் படாளம் தாண்டியதும் குறுக்கே ஒரு நாய். நாய் பிழைத்துக்கொண்டது. என் தொடை எலும்பு இரண்டாகப் போனது. ஆபரேஷன் செய்து, எலும்புக்குள் நீளமாக ஒரு டைட்டானியம் ராடு செருகி, மேலேயும் கீழேயும் ஸ்குரூ முடுக்கி அனுப்பினார்கள்.

பாட்டிக்கு அதில் சம்மதமே இல்லை. "புத்தூர் கட்டு போட்டிருந்தா போதும். கம்பிய உள்ள வெச்சிக்கினு மனுஷன் நடமாட முடியுமாடா? பனிக்காலம் வரட்டும், அப்பத் தெரியும்!"

மார்கழி வந்தது. தெரிந்தது! முழங்காலுக்கு மேலே விண் விண்ணென்று ஒரு வலி. "நான் சொல்லல?" என்றார் பாட்டி வெற்றிப் புன்னகையோடு. டீக்கடையில், "மதுராந்தகம் ஏரிக் காத்து பட்டாலே கம்பி ஜில்லிட்டுடும் தம்பி" என்றார்கள். கிண்டி ஆபீசில் இன்னும் மோசம். நான் தொடையைத் தடவினாலே, "சார், சாயங்காலம் மழை உண்டா? துணி காயப்போட்டிருக்கேன்" என்பார் டைப்பிஸ்ட் அக்கா.

எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. பனியால் வருகிற வலி, தை போனால் போய்விடும். டாக்டர் எதற்கு? தைலம் போதும்!

ஆனாலும் ஒரு நப்பாசை. நிஜமாகவே பனிதானா? ஒரு பழைய டைரியில் கோடு போட்டேன். ஒரு பக்கம் காலைக் குளிர் எத்தனை டிகிரி, மறுபக்கம் வலி பத்துக்கு எத்தனை மார்க்.

கூடவே கொஞ்சம் படித்தும் பார்த்தேன். உடம்புக்குள் 37 டிகிரி. தொடைச் சதைக்கு நடுவில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் ராடுக்கு மார்கழியும் சித்திரையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பேச்சுக்கு 5 டிகிரி குறைந்ததாகவே வைத்துக்கொள்வோம். 38 சென்டிமீட்டர் டைட்டானியம் ராடு சுருங்குவது 0.02 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடி கனம்கூட இல்லை! கணுக்கால், காறை எலும்பு மாதிரி தோலுக்கு அடியிலேயே பிளேட் வைத்தவர்களுக்கு ஜில்லிப்பு தெரியலாம். குளிரில் சதை இறுகுவதும், வெளியே போகாமல் முடங்கிக் கிடப்பதால் மூட்டு விறைப்பதும் உண்மை. ஆனால் பழியெல்லாம் கம்பிக்கு!

தொடை எலும்புக்குள் ராடு செருகும் வித்தையைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ட்ஷர். 1939-ல் ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அவர் போய் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? பின்லாந்தின் பனிப்பிரதேசத்தில்! அந்தக் குளிருக்கு முன்னால் நம்ம கருங்குழி மார்கழி எந்த மூலைக்கு?

அப்படியானால் வானிலைக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையா? ஆராய்ச்சிக்காரர்களே மல்லுக்கட்டுகிறார்கள். அமெரிக்காவில் வயதானவர்கள் டாக்டரிடம் போன ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவைகளை அலசி 2017-ல் சொன்னார்கள்: மழை நாளில் மூட்டுவலி, முதுகுவலி என்று வருபவர்கள் அதிகமில்லை. 2019-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வுக்காக நாள்பட்ட வலிக்காரர்கள் 2,658 பேரிடம் தினமும் செல்போனில் கணக்கு வாங்கியிருந்தார்கள். ஈரப்பதம் கூடி, காற்றழுத்தம் குறைந்து, பலமாகக் காற்றடித்தால் வலி கொஞ்சம் கூடுகிறதாம். கொஞ்சம்தான்! குளிருக்குப் பெரிய பங்கில்லை. 1996-லேயே ரெடெல்மெயர், ட்வெர்ஸ்கி என்ற இருவர் மூட்டுவலிக்காரர்கள் 18 பேரை 15 மாதம் கவனித்துச் சொன்னது சுவாரஸ்யம்: வலித்த மழை நாள் ஞாபகம் இருக்கும், வலிக்காத மழை நாள் மறந்துபோகும்.

என் டைரியும் அதையே சொன்னது. பல் கிட்டித்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், கால் நீட்டி டி.வி. பார்த்த எனக்கு வலி ஒன்று அல்லது இரண்டு. வெயில் சுள்ளென்று அடித்த புதன்கிழமை, செங்கல்பட்டு ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறி இறங்கி எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்த அன்று எட்டு! வலி பனியைப் பார்த்து வரவில்லை. நான் நடந்ததைப் பார்த்து வந்தது. அதுவும் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே.

அன்றுதான் பயந்தேன். டைரியோடு டாக்டரிடம் ஓடினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர் பேனா முனையால் காட்டினார். கீழ் ஸ்குரூ உடைந்திருந்தது. பத்து மாதமாகியும் எலும்பு ஒட்டவில்லை!

"பனின்னு சொல்லிக்கிட்டு இன்னும் ரெண்டு மூணு மாசம் ஓட்டியிருந்தீங்கன்னா ராடே உடைஞ்சிருக்கும் தம்பி."

எனக்கு வியர்த்தது. மார்கழியில்!

மறுபடி ஆபரேஷன். பழைய ராடை எடுத்துவிட்டுத் தடிமனாக ஒன்று, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து ஒட்டு. இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது டாக்டர் சொன்னது: "காலைல விறைப்பா இருந்து, நாலு அடி நடந்ததும் சரியாப்போனா கவலையில்ல. ஊன்றினா வலி, நாளுக்கு நாள் ஏறுற வலி, வீக்கம், செவப்பு, தழும்புல நீர் கசியறது, காய்ச்சல்… இதுல எது வந்தாலும் உடனே வந்துடணும். காலண்டரைப் பார்க்கக்கூடாது."

இந்த மார்கழியும் வந்தது. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வந்துவிட்டன. மேம்பாலப் படியில் நான் விசில் அடித்துக்கொண்டே ஏறுகிறேன். வலி இல்லை. பாட்டிக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

"ஏண்டா, இந்த வருஷம் பனியே சரியா பெய்யலியோ?"