ஈரம் கலக்காத குப்பை

நம் நகரத்து வீடுகளில் சேரும் குப்பையில் ஏறக்குறைய பாதி சமையலறையிலிருந்து வருகிறது: காய்கறித் தோல், மீந்த சோறு, டீத்தூள், மீன் செதில். இதைத் தனியே வைத்துவிட்டால் மீதியில் பெரும்பகுதி குப்பையே அல்ல. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கழுவிக் காயவைத்த பால் கவர் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். குழம்பு சிந்திய அட்டையைக் கடைக்காரர் தராசில் வைக்கமாட்டார். திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரித்துத் தரச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. கலந்து போனதுதான் சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளில் மலையானது. காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும் ஈரக்குப்பை, எளிதில் தீப்பற்றும் மீத்தேனை வெளியிடும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தது.

“பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?” என்பார்கள். சில தெருக்களில் அது உண்மைதான். ஆனால் பேப்பர் கடைக்குப் போவது அந்த வண்டியில் ஏறுவதே இல்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நேரம் ஏது என்ற கேள்வி அவ்வளவு வலுவானதல்ல. போடும்போதே பிரிக்க நொடிகூட ஆகாது. கலந்ததைப் பிரிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை போகும். தனியே வைத்த ஈரக்குப்பையில் நாற்றம் வருமென்ற பயத்துக்குக் காரணம் உண்டு: ஈரம் மிகுந்து காற்று குறைந்தால் வரும். துளையிட்ட வாளியில் ஒவ்வொரு முறையும் காய்ந்த இலையோ தென்னைநார்த் தூளோ ஒரு பிடி தூவினால் பால்கனியிலேயே அது உரமாகும். சுத்தமான அட்டையும் டப்பாவும் ‘எதற்காவது ஆகும்’ என்று பரணில் ஏறுவதுதான் உண்மையான ஆபத்து. அதற்குத் தனி வாளி உதவாது; பழைய பேப்பர்க்காரரை மாதம் ஒருமுறை தவறாமல் கூப்பிட வேண்டும்.