டால்பின் ஏன் கரை ஒதுங்குகிறது?

1990-ஆம் ஆண்டு ஸ்பெயினின் வலென்சியா கடற்கரையில் வரி டால்பின்கள் ஒரு நோயால் அடுத்தடுத்துச் செத்து ஒதுங்கின. இரண்டே ஆண்டுகளில் அந்த நோய் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் உள்ள கிரீஸ் வரை பரவி, ஆயிரக்கணக்கில் பலிகொண்டது. காரணம், நம் தட்டம்மைக் கிருமிக்கு நெருங்கிய உறவான மார்பில்லி வைரஸ். அது நுரையீரலைத் தாக்கும்; மூளையிலும் அழற்சியை உண்டாக்கும். பாவம், அந்த உயிர் திசை தடுமாறி, நேராக நீந்த முடியாமல், ஒருக்களித்தபடி கரைக்கு வந்துவிடுகிறது. கொள்ளைநோய் ஓய்ந்த பிறகும் சில டால்பின்களின் மூளையில் மட்டும் வைரஸ் தங்கியிருந்தது.

புருசெல்லா என்ற பாக்டீரியாவும் டால்பின் மூளையை இப்படித் தாக்கும். அது மனிதரையும் தொற்றக்கூடியது. ஆகவே, கரை ஒதுங்கிய டால்பினையோ திமிங்கலத்தையோ கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.