ஓரத்தில் நின்ற அத்தை

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சின்ன அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மேடையில் இருபது பேர். பின்னால் நகர இடமில்லை என்று செல்போனில் 0.5 எக்ஸைத் தட்டி அத்தனை பேரையும் அடக்கினேன். நடுவில் நின்றவர்கள் நன்றாகவே விழுந்திருந்தார்கள். கடைசியில் நின்ற அத்தையின் முகம் மட்டும் பக்கவாட்டில் இழுத்துவிட்ட பூரிமாவுபோல் அகன்றிருந்தது. "லென்ஸ் கோளாறு, அத்தை" என்று சமாளித்தேன். அது வீண்பழி.

லென்ஸுக்கென்று ஒரு கோளாறு உண்டுதான். மையத்திலிருந்து விலக விலக, அது உருவத்தைப் பெரிதாக்கும் அளவு மாறிக்கொண்டே போகும். ஓரத்தில் அந்த அளவு குறைந்தால் நேர்கோடுகள் வெளிப்பக்கம் புடைக்கும். கதவுநிலைகூடப் பீப்பாய் வயிறுபோல் தெரியும். கூடினால் கோடுகள் உள்வாங்கும். நடுமையத்தின் வழியே போகும் கோடு மட்டும் வளையாது. அகன்ற கோணத்தைச் சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் பிடிக்கவேண்டிய போன் லென்ஸில் பீப்பாய் வளைவுதான் வழக்கம்.

ஆனால் இந்த வளைவு முன்கூட்டியே கணக்குப் போடக்கூடியது. சதுரங்கக் கட்டம் அச்சிட்ட அட்டையைப் படமெடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலையும் தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால் போதும். (வரிசை பிசகாமல் வைத்த புள்ளிக்கோலமும் இதற்கு உதவும்.) இந்த விலகலை எழுதும் சமன்பாட்டுக்கு பிரௌன்–கான்ராடி மாதிரி என்று பெயர். கான்ராடியின் ஆய்வு 1919-இல் வந்தது. ஒளிப்படத்தைக் கொண்டு நிலம் அளக்கும் துறையைச் சேர்ந்த டுவேன் பிரௌன் 1966-இல் அதை விரித்தெழுதினார். இப்போது அந்தக் கணக்கைப் போன் தானே போட்டு, படம் நம் கண்ணில் படுமுன்பே கோடுகளை நிமிர்த்திவிடுகிறது.

அப்படியென்றால் அத்தையின் முகம்? கோடுகளை நிமிர்த்தியதற்குக் கொடுத்த விலைதான் அது.

கேமரா தன்னைச் சுற்றியுள்ள உலகைக் கோணங்களாக, ஓர் உருண்டையின் உட்புறம்போல் பார்க்கிறது. படமோ தட்டையானது. உருண்டையைத் தட்டையாக்கும்போது எதையாவது இழுத்தே ஆகவேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய மெர்க்கேட்டர் வரைபடம் நினைவிருக்கிறதா? அதில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும்; உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரியது. போனிலும் அதே கதை. 0.5 எக்ஸைத் தட்டினால் வரும், 120 பாகை பார்க்கும் அல்ட்ரா வைடு கேமராவில், எல்லா நேர்கோடுகளும் நேராகவே இருக்கவேண்டுமென்றால், படத்தின் மூலையில் விழும் பந்து அகலத்தைப்போல் இரண்டு மடங்கு நீளமுள்ள முட்டையாகிவிடும். பக்க ஓரங்களில் ஒன்றரை மடங்குக்கு மேல். தூண் நேராக நிற்கவேண்டுமா, முகம் முகமாக இருக்கவேண்டுமா? இவ்வளவு அகன்ற கோணத்தில் படம் முழுவதற்கும் ஒரே விதியை வைத்துக்கொண்டு இரண்டையும் பெறமுடியாது.

2019-இல் கூகுளைச் சேர்ந்த யிச்சாங் ஷியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சமரசம் சொன்னார்கள். படத்தில் முகங்கள் இருக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் உருண்டை வடிவத்தைக் காக்கும் வேறொரு தட்டையாக்கும் முறை. பின்னணிக்குப் பழைய முறை. இரண்டும் சேரும் இடத்தில் தையல் தெரியாத இழைப்பு. கெட்டிக்காரத்தனமான வேலை. என் பழைய போனில் அது இல்லை.

ஆனால் எனக்கு வியப்பு வேறிடத்தில். அந்தக் கல்யாணப் போட்டோவை 12 அங்குல அகலத்துக்கு அச்சிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நடுப்பகுதிக்கு நேரே நாலரை அங்குலத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் அத்தை சரியாகிவிடுகிறார்! கிட்டப்பார்வைக்காரர்களுக்குத்தான் இது எளிது. படம் எடுத்தபோது கேமரா எந்தக் கோணத்தில் பார்த்ததோ அதே கோணம் இப்போது கண்ணுக்கும் கிடைக்கிறது. ஆகவே படத்தில் தவறில்லை. நாம் பார்க்கும் இடம்தான் பொருந்தவில்லை.

செல்ஃபியில் மூக்கு பெருப்பதற்கும் லென்ஸைத் திட்டுகிறோம். அங்கேயும் தொலைவுதான் காரணம். போனுக்கும் மூக்கு நுனிக்கும் 30 செ.மீ., காது அதற்கு 12 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் இது 1.08 மடங்குதான். 12 அங்குலத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் முக அறுவைச் சிகிச்சை இதழ் ஒன்றில் கணக்கிட்டுக் காட்டினார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி வருபவர்கள் பெருகியதுதான் அந்த ஆய்வுக்குத் தூண்டுதல். லென்ஸை மாற்றியோ ஜூம் செய்தோ பயனில்லை. கை நீளும் தூரத்தில் இருக்கும்வரை மூக்கு அப்படித்தான் இருக்கும்.

அடுத்த கல்யாணத்தில் நாற்காலிகளை ஒதுக்கியாவது நாலடி பின்னால் போய் 1 எக்ஸில் எடுங்கள். இடமே இல்லையென்றால் ஓரத்துக்கு வாழைமரத்தை விட்டுவிட்டு, அத்தைகளை நடுவுக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.