நகத்தைவிடச் சிறிய குப்பி... 1,400 கி.மீ தேடல்!

உயரம் 8 மில்லிமீட்டர், அகலம் 6 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய உலோகக் குப்பி அது. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவே அதைத் தேடிப் பரபரத்தது. தேட வேண்டிய பாதையின் நீளம் சுமார் 1,400 கிலோமீட்டர்!

குப்பிக்குள் இருந்தது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். ரியோ டின்டோ நிறுவனத்தின் குடாய்-டாரி சுரங்கத்தில், இரும்புத்தாதுவின் அடர்த்தியை அளக்கும் கருவிக்குள் அது பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கருவியைப் பழுதுபார்க்க லாரியில் பெர்த் நகருக்கு அனுப்பினார்கள். ஜனவரி 16-ல் பெட்டி போய்ச் சேர்ந்தது. 25-ம் தேதி திறந்து பார்த்தபோதுதான் அதிர்ச்சி. கருவி கழன்று கிடந்தது, ஒரு போல்ட்டைக் காணோம், குப்பியையும் காணோம். பயண அதிர்வில் போல்ட் கழன்று, அந்த ஓட்டை வழியாகக் குப்பி சாலையில் விழுந்திருக்கும் என்று அதிகாரிகள் கருதினர்.

'அதிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் 10 எக்ஸ்ரே எடுத்ததற்குச் சமம். பார்த்தால் 5 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்' என்று மக்களுக்கு எச்சரிக்கை போனது. பிப்ரவரி 1 அன்று, கதிர்வீச்சை உணரும் கருவியுடன் 70 கி.மீ வேகத்தில் போன வாகனம், நியூமன் ஊருக்குத் தெற்கே அதைக் கண்டுபிடித்தது. சாலையிலிருந்து வெறும் 2 மீட்டர் தள்ளிக் கிடந்தது குப்பி!

எதற்கு இந்தக் கருவி?

சிமென்ட் ஆலை, காகித ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எனப் பல இடங்களில் இத்தகைய கருவிகள் உண்டு. குழாயின் ஒரு பக்கம் கதிரியக்கப் பொருள், மறுபக்கம் கதிர்களை எண்ணும் உணர்கருவி. நடுவில் போகும் பொருள் அடர்த்தியாக இருந்தால் குறைவான கதிர்களே மறுபக்கம் வந்து சேரும். கொதிக்கும் திரவமானாலும் அமிலமானாலும் தொடாமலே அளந்துவிடலாம். இந்தக் கதிர் பட்டதால் குழாயில் போகும் பொருளுக்குக் கதிரியக்கம் வந்துவிடாது.

ஈயக் கவசத்துக்குள் மூடியிருக்கும் வரை பயமில்லை. கவசத்தைத் திறக்கும்போதும், கழற்றும்போதும், தொலைக்கும்போதும்தான் ஆபத்து.

உயிர் காக்கும் மூன்று விஷயங்கள்

நேரம்: அருகில் நிற்கும் நேரம் பாதியானால், உடலில் படும் கதிர்வீச்சும் பாதியாகும்.

தூரம்: 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்ந்தால் கால் பங்குதான் படும். 10 மீட்டர் போனால் நூறில் ஒரு பங்கு.

தடுப்பு: ஈயம், எஃகு, கான்கிரீட் போன்றவை காமா கதிர்களின் வீரியத்தைக் குறைக்கும்.

தொழிலாளர்கள் மறக்கக்கூடாதவையும் உண்டு. கருவி இருக்கும் இடத்தில் பராமரிப்பு வேலை என்றால், முதலில் ஷட்டரை மூடிப் பூட்ட வேண்டும். மூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், அளவுமானியை வைத்துச் சோதிக்க வேண்டும். ஷட்டர் சிக்கிக்கொள்வதும் உண்டு. அந்தக் கருவியின்மேல் வெல்டிங், கட்டிங் கூடவே கூடாது. சட்டையில் மாட்டும் பேட்ஜ் கதிரைத் தடுக்காது. எவ்வளவு பட்டது என்று கணக்கு மட்டுமே சொல்லும்.

இந்தியாவில் இவற்றை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிக்கிறது. தொழிலாளர்களுக்கு 5 ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்தான்.

காயலான் கடைக்குப் போனால்..?

2010-ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் பழைய கதிர்வீச்சுக் கருவி ஒன்று ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தான் உடைப்பது என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சீசியம்-137-ன் வீரியம் பாதியாகவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். ஆலை மூடப்பட்டாலும் கருவி ஓய்வு பெறுவதில்லை. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற குறியுள்ள கனமான பெட்டியை எங்கே பார்த்தாலும் தொடாதீர்கள். தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லி, போலீஸுக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் கொடுங்கள்.