வாக்கி-டாக்கி சட்டைப் பையில் கிடந்தால் போதுமா?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! இந்த முறை சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றியோ வீட்டுப் பிரச்சினையைப் பற்றியோ நாம் எழுதப் போவதில்லை. லோரியின் டாஷ்போர்டில் திருகி வைக்கும் ஒரு சிறிய தாங்கியைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். "அட, இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. மழை விட்ட மத்தியான நேரம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி, கடைசிப் பிரிவின் மண் சாலையில் வழுக்கி, கால்வாய்ப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பின்னால் இருந்த தொழிலாளி ஒருவரின் கால் குலைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநரிடம் வாக்கி-டாக்கி இருந்தது. கேபினுக்குள் இருந்தபடியே பட்டனை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டார். ஆபீசில் இருந்தவருக்குக் கேட்டதெல்லாம் "கர்ர்... கர்ர்..." என்ற இரைச்சல்தான். கைப்பேசிக்கோ அந்த இடத்தில் லைன் கிடைக்காது. கூட இருந்த வங்காளதேசத்துப் பையன் முழங்கால் சேற்றில் ஓடிப் போய்த்தான் ஆள் கூட்டி வந்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கால் தப்பியது. ஆனால் அந்தத் தொழிலாளி இன்றும் விந்தி விந்தித்தான் நடக்கிறார்.

அதே தோட்டத்தில் நிர்வாகியின் ஜீப்பிலும் ஒரு வாக்கி-டாக்கி இருந்தது. அதே ரகம், ஒரே கடையில் வாங்கியது. ஆனால் அது ஒரு தாங்கியில் உட்கார்ந்திருந்தது; ஜீப்பின் கூரைமேல் ஏரியல் நின்றது. அதே கடைசிப் பிரிவிலிருந்து அவர் பேசினால் ஆபீசில் கணீரென்று கேட்கும். பெட்டி ஒன்றுதான், அது இருந்த இடம்தான் வேறு.

ஏன் அப்படி? லோரியின் கேபின் ஒரு தகர டின். அதற்குள் உட்கார்ந்து பேசினால் ரேடியோ அலை கண்ணாடி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போன அலையையும் செம்பனை மட்டை வழி மறிக்கும். நனைந்த மட்டை என்றால் இன்னும் மோசம். கையில் பிடிக்கும் கருவியின் சக்தி அதிகமாகப் போனால் 5 வாட். அதன் குட்டை ஏரியலோ நம் மார்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த 5 வாட்டையே லோரிக் கூரையின் உயரத்தில், தகரத்துக்கு வெளியே கொண்டு போய் நிறுத்தினால் அது போகும் தூரமே வேறு. புதுப் பெட்டி வேண்டாம், கூடுதல் சக்தி வேண்டாம். வெளியே ஓர் ஏரியல், அதற்கு ஒரு வழி. அந்த வழியைத்தான் இந்தத் தாங்கி கொடுக்கிறது. கடைக்காரர்கள் இதைக் 'கார் கிட்' என்பார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1930இல் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி கார்களுக்கென்று ஒரு ரேடியோப் பெட்டி செய்து அதற்கு மோட்டோரோலா என்று பெயர் வைத்தது. பெயரிலேயே மோட்டார் இருக்கிறது பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதே கம்பெனி, கையில் பிடித்துப் பேசும் ரேடியோவைப் படைகளுக்குச் செய்து கொடுத்தது; எடை சுமார் 5 ராத்தல். கைக்கருவியைக் காருக்குள் செருகிப் பேசும் தாங்கியும் பிறகு வந்தது. 1970களில் அந்தக் கம்பெனி நம் சுங்கைவேயிலும் பினாங்கிலும் தொழிற்சாலை வைத்தது. அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு மின்னியல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் கைபட்ட பொருள் தோட்டத்துக்கே திரும்பி வரும்போது துரை ஜீப்போடு நின்றுவிடுவது என்ன நியாயம்?

லோரியில் நிரந்தரமாகப் பொருத்தும் பெரிய ரேடியோ இருக்கிறதே, அதை வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது என்பதே நம் கருத்து. தோட்டத்து ஓட்டுநர் நாள் முழுக்க கேபினில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. இறங்குகிறார், குலை பொறுக்குகிறார், வரிசைக்குள் நடக்கிறார். பாம்பு கடிப்பதும் குளவி கொட்டுவதும் அங்கேதான். எலியைத் தேடி நாகம் செம்பனைக்குள் வருவது நமக்குத் தெரியாததா? தாங்கியில் உள்ள கருவியைக் கழற்றிக்கொண்டு இறங்கலாம். திரும்பி ஏறியதும் செருகிவிட்டால் லோரியின் ஏரியலும் லோரியின் பேட்டரியும் அதற்குக் கிடைக்கும். லோரி கவிழ்ந்தாலும் கருவி மனிதனோடு வெளியே வரும். நிரந்தரமாகத் திருகிய பெட்டியில் இந்த வசதி இல்லை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் போர்ட் கிள்ளான் கண்டெய்னர் லோரி ஓட்டும் தம்பி ஒருவரைச் சந்தித்தோம். தோட்டத்தில் பிறந்தவர்தான். அந்தத் தோட்டம் இன்று தாமானாகிவிட்டது. தம் லோரியில் தாமே பொருத்தியதைக் காட்டினார்.

"அண்ணே, மொதல்ல பாக்க வேண்டியது வோல்ட்டு. காரு 12. என் லோரி 24. பல பேரு காருக்கு வாங்குனத லோரியில சொருகிப் புகைய விட்டுருக்கானுங்க."

உண்மைதான். தோட்டத்து லோரிகளிலும் 24 வோல்ட் உண்டு. டிராக்டர்களில் பெரும்பாலும் 12. கார் கிட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. 12 வோல்ட் கிட்டை 24 வோல்ட் லோரியில் வைக்க வேண்டுமானால் நடுவே வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி ஒன்று வேண்டும். சிவப்பு வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். கிட்டுக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்து என்ன பயன்? நடுவில் வயர் உராய்ந்து தகரத்தில் பட்டால் தீப்பிடிப்பது அந்த நடுத்துண்டுதானே!

சாவியைத் திருகினால்தான் ரேடியோவுக்குக் கரண்ட் வரும்படி வயரிங் செய்வது வழக்கம். பேட்டரி இறங்காது என்பார்கள். நாம் இதை ஏற்கவில்லை. விபத்து நடந்த லோரியில் முதலில் செய்வதே சாவியை அணைப்பதுதான். ஆகவே பியூஸ் வழியாக நேராகப் பேட்டரிக்கே கொடுத்து, தனியாக ஒரு சுவிட்ச் வைப்பது நல்லது. மாலையில் அணைக்க மறந்தால் மறுநாள் காலை லோரியைத் தள்ள வேண்டி வரும், அவ்வளவுதான்.

ஏரியல் விஷயத்தில்தான் அந்தத் தம்பி அதிகம் பேசினார். கூரையின் நடுவில் வைப்பதே சிறந்தது. கூரைத் தகரமும் ஏரியலின் ஒரு பாதிபோல வேலை செய்கிறது. காந்தக் கால் ஏரியலைப் பத்து நிமிடத்தில் வைத்துவிடலாம். ஆனால் தோட்டத்தில் தாழ்ந்த மட்டை அடித்து அதைத் தட்டிவிடும். வளைந்து நிமிரும் ஸ்பிரிங் வைத்த ஏரியலைத் திருகிப் பொருத்துவதே நமக்கு ஏற்றது. டிராக்டரின் கூரை பிளாஸ்டிக் என்றால் காந்தம் ஒட்டாது. அதற்குத் தகரம் தேவைப்படாத வேறு ரக ஏரியல் கேட்டு வாங்க வேண்டும். 477 மெகாஹெர்ட்ஸ் கருவிக்குக் கால் அலை ஏரியலின் நீளம் சுமார் 16 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. நீளமாக இருந்தால் நன்றாகப் பேசும் என்று கண்டபடி கம்பியைக் கட்டுவது வீண்வேலை.

கேபிளிலும் ஏமாறக் கூடாது. வீட்டு டி.வி. ஏரியல் கேபிள் 75 ஓம். வாக்கி-டாக்கிக்கு வேண்டியது 50 ஓம். கறுப்பாக, ஒரே மாதிரிதான் இருக்கும். கதவிடுக்கில் நசுங்காமல், கூடிய மட்டும் குட்டையாக இழுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கடைக்காரரிடம் உள்ள எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். முள் 1.5க்குள் நின்றால் நல்லது; 2ஐத் தாண்டினால் இணைப்பை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஏரியலை மாட்டாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து கருவியைச் சுட்டுவிடும்.

வாங்கும் இடம்? கோலாலம்பூரில் ரேடியோ சாமான் என்றால் புடு பக்கத்து ஜாலான் பாசார்தான். போகும்போது உங்கள் வாக்கி-டாக்கியைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு ரகத்தின் தாங்கி இன்னொரு ரகத்துக்குச் சேராது. ஏரியலைக் கழற்றவே முடியாத அரை வாட் குட்டிக் கருவிகளுக்கு இதெல்லாம் உதவாது. சிரிம் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் 477 மெகாஹெர்ட்ஸ் பொது அலைவரிசைக் கருவிகளுக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. சொல்லப்பட்ட சக்தி வரம்பை மீறாமல் இருந்தால் போதும். தோட்டத்துக்கென்றே தனி அலைவரிசை வேண்டுமானால் நிர்வாகம் எம்.சி.எம்.சி.யிடம் அனுமதி வாங்க வேண்டும். தாங்கியோடு சக்தியைப் பெருக்கும் பெட்டியையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். உரிமம் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இனி, செலவு யாருடையது? சிலர் கைக்காசைப் போட்டு வாங்கலாமா என்று நம்மிடம் கேட்டார்கள். வேண்டாம் தோழர்களே! இது வேலையிடப் பாதுகாப்புச் சாதனம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் உண்டு. 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ள திருத்தப்படி, வேலையில் உள்ள ஆபத்துகளை முதலாளியே மதிப்பிட்டாக வேண்டும். கைப்பேசி எட்டாத பிரிவுக்கு ஆள் அனுப்புவது ஆபத்து இல்லையா? அதைக் குழுக் கூட்டத்தில் எழுத்தில் வையுங்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. "தொலைஞ்சா சம்பளத்துல புடிச்சிடுவாங்கண்ணே, அதனால நான் வாங்கிக்கவே இல்ல" என்று ஓர் ஓட்டுநர் சொன்னார். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24ஆம் பிரிவில், எதற்கெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. உடைந்த சாமானுக்கு முதலாளி தம் இஷ்டப்படி பிடித்துக்கொள்ள அதில் இடம் இல்லை. தாங்கி இருந்தால் கருவி கீழே விழுவதும் தொலைவதும் குறையும் என்பதையும் நிர்வாகத்துக்குச் சொல்லலாம். அவர்களுக்கு அந்தக் கணக்குத்தான் சீக்கிரம் புரியும்!

1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் நம் பாட்டன்மார் வேலை நிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒரு கோரிக்கை. சிறிய விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

காப்பார் தோட்டத்தில் இப்போது இரண்டு லோரிகளுக்குத் தாங்கி வந்திருக்கிறது. மூன்றாவது லோரிக்கும் டிராக்டர்களுக்கும் இன்னும் வரவில்லை. வந்த இரண்டையும் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர்களோடு நாமும் போனோம். ஒவ்வொரு பிரிவின் கோடியிலும் லோரியை நிறுத்தி, முதலில் கையில் பிடித்து, பிறகு தாங்கியில் செருகிப் பேசிப் பார்த்து நோட்டில் குறித்தோம். கையில் பிடித்தபோது ஆறு இடங்களில் கேட்கவில்லை. தாங்கியில் செருகியபோது ஓர் இடம் மட்டும். அந்த ஓர் இடத்துக்காக ஆபீஸ் ஏரியலை இன்னும் உயர்த்தச் சொல்லியிருக்கிறோம். எல்லா நாட்டுத் தொழிலாளர்களுக்கும் புரியும்படி, ஆபத்தில் "தொலோங்" என்று மூன்று முறை சொல்லிப் பிரிவின் எண்ணைச் சொல்வது என்று முடிவாயிற்று. வாக்கி-டாக்கியிலிருந்து 999க்குப் போக முடியாது. ஆபீசில் கேட்பவர்தான் போன் எடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பெட்டியின் அருகே யார் உட்காருவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் முதல் விஷயமாக அதை வைத்திருக்கிறோம்.