இத்தாலியத் தொகைச்சொற்களில் அசையும் அழுத்தமும்

இத்தாலியத் தொகைச்சொற்களை அசைபிரிக்குங்கால் சொற்கள் புணர்ந்த எல்லை பெரும்பாலும் மறைந்தொழிகின்றது. அழுத்தமோ அதனை ஒருவாறு காக்கின்றது. ஈண்டு அசை என்றது நேர், நிரை என்னும் யாப்பசையை அன்று. ஓருயிரை நடுவாகக் கொண்ட ஒலித்தொகுதியையே. கீழ்வரும் சொற்களின் ஈற்று ஏகார ஓகாரங்களைக் குறிலாகக் கொள்க.

'மலுமோரே' என்பது மனக்கசப்பு. 'மல்' (தீய), 'உமோரே' (மனநிலை) என்பன அதன் உறுப்புகள். ஆயினும் ம-லு-மோ-ரே என்பதே அசைபிரிப்பு. ஒற்றின்மேல் உயிரேறுதல் கற்றார்க்கு இது புதிதன்று. 'மெய்யாகவே' எனப் பொருள்படும் 'தவ்வேரோ' என்பதில், 'த', 'வேரோ' என்பவற்றிடையே வகரம் மிக்குத் தவ்-வே-ரோ எனப் பிரியும். 'அவ்வழி' என்னும் நம் புணர்ச்சியை இஃது ஒத்திருத்தல் வியப்பே. ஆயின் இம்மிகுதி எல்லாச் சொற்பின்னும் நிகழாது. 'த' முதலிய சிலவற்றின் பின்னும், அழுத்தம் பெற்ற ஈற்றுயிரின் பின்னுமே நிகழும். ஆகலின் அசைபிரிப்பொன்றையே கொண்டு சொல்லுறுப்புகளை வரையறுப்பார் வழுவுவர் என்பது எம் துணிபு.

எல்லையை உணர்த்துவன பிற. சூரியகாந்தியைக் குறிக்கும் 'ஜிராசோலே' என்பதை நோக்குவோம். 'ஜீரா' (சுழலும்) தனித்து நிற்குங்கால் முதலசையில் அழுத்தமும் நீட்டமும் பெறும். தொகையிலோ தலையழுத்தம் 'சோலே' (ஞாயிறு) என்பதன் முதலசைக்குச் செல்ல, முன்னுறுப்பு நீட்டமிழந்து துணையழுத்தமே பெறுகின்றது. வட இத்தாலியர் உயிரிடைச் சகரத்தைப் பெரும்பாலும் அதிர்வொலியாக ஒலிப்பர்; இச்சொல்லிலோ அங்ஙனம் ஒலியார். அது பின்னுறுப்பின் மொழிமுதற் சகரமாதலே காரணம்.

எல்லை முற்றும் மறக்கப்படுதலும் உண்டு. 'பொமொதோரோ' (தக்காளி) 'பொன்னின் கனி' என்னும் தொடரினின்று பிறந்தது. பழைய வழக்கில் 'பொமிதோரோ' என முன்னுறுப்பே பன்மை ஏற்றது. இன்று 'பொமொதோரி' எனச் சொல்லின் ஈறே திரிகின்றது.