ஆர்னெம் பாலமும் ஆறு சீட்டுகளும்

சென்ற குளிர்கால விடுமுறையில் ரயிலில் இடம் கிடைக்காமல் விடுதியிலேயே தங்கிவிட்டவர்கள் நாங்கள் ஐந்து பேர். படிக்கவும் மனமில்லை, ரஜாயை விட்டு எழுந்திருக்கவும் மனமில்லை. அப்படி ஒரு மாலையில், கணிதத் துறையில் ஆராய்ச்சி செய்யும் கோவை அண்ணன் ஒரு பெரிய காகிதச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சங்க அறைக்கு வந்தார். விரித்துப் பார்த்தால் தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள்; குறுக்கே நீல மையில் ஓர் ஆறு; ஆற்றின்மேல் ஒரு பாலம்.

"இது ஹாலந்து தேசத்து ஆர்னெம் நகரம். காலம் 1944 செப்டம்பர். யார் பிரிட்டிஷ், யார் ஜெர்மன்?" என்றார்.

நான் பிரிட்டிஷ் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். திருநெல்வேலி நண்பர் ஜெர்மன். கோவை அண்ணனே நடுவர்.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு என்றதும் சங்கத்து நண்பர்கள் பலருக்குச் சதுரங்கம் நினைவுக்கு வரும். அதைவிட நம் ஆடு புலி ஆட்டத்தை நினைத்துக்கொள்வது நல்லது. சதுரங்கத்தில் இரு பக்கமும் சமம். ஆடு புலியில் பலமும் வேறு, வெற்றியும் வேறு: புலி வெட்ட வேண்டும், ஆடு அடைக்க வேண்டும். போர் விளையாட்டும் இந்த ஜாதிதான். பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-இல் அதிகாரிகளின் பயிற்சிக்காக இதற்கு ஒழுங்கான விதிகள் செய்து கொடுத்தார். படமும் காயும் பகடையும் நடுவரும் அன்றே உண்டு. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கு ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1954-இல் இதைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். கோவை அண்ணன் கடைக்கெல்லாம் போகவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக் காய் செய்திருந்தார். என் படையில் ஒரு கம்பெனியின் முதுகில் "சுபமுகூர்த்தம்" என்று பாதி எழுத்து தெரிந்தது.

ஒரு காய் என்பது ஏறக்குறைய 100 பேர். அடி வாங்கினால் புரட்டிப் போட வேண்டும். பின்பக்கம் பாதிப் பலம். இன்னோர் அடி வாங்கினால் படத்தைவிட்டே எடுத்துவிட வேண்டும். ஒருவர் ஒரு முறை ஆடினால் ஆறு மணி நேரம் கழிந்ததாகக் கணக்கு. சாலையில் வேகம் அதிகம், காட்டில் குறைவு. எதிரியின் காய்க்கு அடுத்த கட்டத்தில் கால் வைத்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இரு பக்கத்துப் பலத்தின் விகிதத்தைப் பார்த்துப் பகடை உருட்டினால் சண்டையின் முடிவு அட்டவணையில் இருக்கும். வீட்டுக்குள் இருப்பவனுக்குப் பலம் இரட்டிப்பு. இலக்கணம் இவ்வளவுதான்.

ஆனால் விமானத்திலிருந்து குதிக்கும் படைக்கு எதிரி ஜெர்மானியன் மட்டுமல்ல. கடிகாரமும் தூரமும் அவனைவிடப் பெரிய எதிரிகள். 1944 செப்டம்பர் 17-ஆம் தேதி தொடங்கிய அந்தப் படையெடுப்பில் மூன்று டிவிஷன்கள் வானிலிருந்து இறங்கி வரிசையாகப் பாலங்களைப் பிடிக்க வேண்டும். தரைப்படை ஒரே சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடிவந்து கடைசிப் பாலமான ஆர்னெமைச் சேர வேண்டும். அதுவரை பாராசூட் வீரன் தன்னோடு கொண்டுவந்த தோட்டாவையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். டாங்கி கிடையாது.

முதல் கேள்வி, எங்கே இறங்குவது? பாலத்தின் அருகே இறங்கினால் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் உண்டு. தென்கரை நிலம் சதுப்பு, கிளைடர்களுக்கு ஆகாது என்று அன்று முடிவு கட்டினார்கள். ஆகவே மேற்கே 10, 12 கிலோமீட்டர் தள்ளி நல்ல மைதானத்தில் இறக்கினார்கள். பட்டப்பகலில் அநேகமாகச் சேதமே இல்லாமல் இறங்கினார்கள். ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுவர விமானம் போதவில்லை. மறுநாள் வருபவர்களுக்காக மைதானத்தைக் காக்க வேண்டும். முதல் நாள் வந்தவர்களில் பெரும் பகுதி அங்கேயே நின்றுவிட்டது.

"இதென்ன முட்டாள்தனம், பக்கத்திலேயே குதிக்க வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டவன்தான். மறுநாள் ஆடிய இரண்டாம் ஆட்டத்தில் குதித்தும் பார்த்தேன். அதற்கு விதி: ஒவ்வொரு காய்க்கும் பகடை உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்தக் காய் போயிற்று. ஒன்பதில் மூன்று போயிற்று. மீதி ஆறும் மாலைக்குள் பாலத்தின் இரு முனைகளையும் பிடித்துவிட்டன. பிடித்து என்ன? அடுத்த நாள் வந்தவர்கள் ஜெர்மன் பீரங்கிகளின் வாயிலேயே இறங்கினார்கள். முதல் ஆட்டத்தைவிட அரை நாள்தான் கூடத் தாக்குப்பிடித்தேன். அதன் பிறகு நான் யாரையும் முட்டாள் என்று சொல்லுவதில்லை.

முதல் ஆட்டத்தில் சரித்திரப்படியே தூரத்தில் இறங்கி, மூன்று சாலைகளில் மூன்று மூன்று காயாக அனுப்பினேன். இரண்டு வரிசைகளை நெல்லை நண்பர் காட்டு ஓரத்தில் மறித்துவிட்டார். ஆற்றோரச் சாலையில் போன மூன்று காய்கள் மட்டும் இருட்டுவதற்குள் பாலத்தின் வட முனையைச் சேர்ந்தன. உண்மையிலும் ஆற்றோரச் சாலையில் போன லெப்டினன்ட் கர்னல் ஜான் பிராஸ்டின் படைதான் சேர்ந்தது. பிறகு வந்து கலந்துகொண்டவர்களையும் சேர்த்து 700 சொச்சம் பேர்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல். ரிச்சர்ட் அட்டன்பரோ 1977-இல் எடுத்த திரைப்படத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். 18-ஆம் தேதி காலையில் கிராப்னர் என்ற ஜெர்மன் அதிகாரி கவச வண்டிகளோடு பாலத்தின்மேல் நேரே பாய்ந்து மாண்டதும் தெரியும்; தரைப்படை நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பதும் தெரியும். நெல்லை நண்பர் பாலத்தில் பாய்வாரா? நான்தான் வராத உதவிக்குக் காத்திருப்பேனா? முடிவு தெரிந்தவர்கள் ஆடினால் அது போர் அல்ல, நாடக ஒத்திகை.

கோவை அண்ணன் இதற்கு வழி வைத்திருந்தார். பிஸ்கட் டப்பாவில் ஆறு சீட்டுகள். ஒன்றில் "மூன்றாம் நாள்", மூன்றில் "நாலாம் நாள்", இரண்டில் "வராது". ஆட்டம் தொடங்குமுன் ஒன்றை எடுத்துத் தாம் மட்டும் படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இந்த ஆட்டத்தின் உயிர் அந்தச் சட்டைப் பைதான் என்பேன்.

மூன்றாம் நாள் வரவில்லை. நெல்லை நண்பர் சண்டையிடுவதை விட்டுவிட்டு வீடுகளுக்குத் தீ வைக்கத் தொடங்கினார். அதற்கும் விதி உண்டு. உண்மையிலும் ஜெர்மானியர் டாங்கியால் அடித்து, எரித்துத்தான் வெளியேற்றினார்கள். எரிந்த கட்டத்தில் சிவப்புப் பொத்தான் வைக்க வேண்டும். நான்காவது பொத்தான் விழுந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த உயிர் வேதியியல் சகோதரி, "இந்த வீடுகளில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டார்.

நடுவர் படத்தைப் பார்த்தார். அந்த மனிதர்களுக்கு அவர் காய் வெட்டவில்லை. பிறகு தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். சண்டை ஓயுமுன்பே ஜெர்மானியர் நகரத்தாரைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு லட்சம் பேர் அளவில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். 1945 ஏப்ரலில்தான் ஆர்னெம் விடுபட்டது. இந்தப் படையெடுப்புக்குத் துணையாக டச்சு ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குப் பழியாக ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் 20,000 பேர் அளவில் மாண்டார்கள். நெல்லை நண்பர் ஐந்தாவது பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உருட்டினார். பிறகு வைத்தார். வைக்காவிட்டால் அவர் தோற்றுவிடுவார்.

நாலாம் நாள் மாலை. என்னிடம் இரண்டு காய்கள், இரண்டும் புரட்டிப் போட்டவை. அந்த மாலையில்தான் உண்மையான பாலத்தருகே, காயம்பட்டவர்களை ஒப்படைக்கச் சண்டை சற்று நிறுத்தப்பட்டது. பிராஸ்டும் அவர்களில் ஒருவர். அதே மாலையில் தரைப்படையின் டாங்கிகள் நைமேகன் பாலத்தைக் கடந்து, 20 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் நின்றன.

"என்ன வே, கையைத் தூக்கிரும். மெஸ்ஸை மூடிருவாங்க" என்றார் நண்பர்.

நான் கோவை அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருமென்றால் இப்போது கை தூக்குவது துரோகம். வராதென்றால் இந்த 100 பேரை எதற்காகக் கொல்லுகிறேன்? "இருக்கிறேன்" என்றேன். பகடை உருண்டது. "சுபமுகூர்த்தம்" படத்தைவிட்டு வெளியே போயிற்று. அடுத்த உருட்டலில் மற்றதும்.

அண்ணன் சீட்டைப் பிரித்துக் காட்டினார். "வராது."

"உமக்கு முதலிலிருந்தே தெரியும், இல்லையா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "தெரிந்தவன் ஒருத்தன் இருக்க வேண்டுமே, தம்பி" என்றார். உண்மையில் ரைனின் வடகரைக்குச் சென்ற 10,000 சொச்சம் பேரில், 25-ஆம் தேதி இரவு ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் 2,500-க்கும் குறைவு. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். மற்றவர்கள் பெரும்பாலும் சிறைப்பட்டனர்.

படம் இப்போது சங்க அறை அலமாரியின்மேல் இருக்கிறது. நகரத்தாருக்கும் காய் வேண்டும் என்று அந்தச் சகோதரி விதி எழுதிக்கொண்டிருக்கிறார். 1971 டிசம்பர் 11-இல் நம் பாராசூட் படை வங்கத்தில் தாங்காயில் அருகே இறங்கிப் பூங்லி பாலத்தைப் பிடித்த கதையை அடுத்து வரையலாமே என்று நான் கேட்டேன். கோவை அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "அங்கே தரைப்படை அன்று மாலையே வந்து சேர்ந்துவிட்டது, தம்பி. அது ஆட்டத்துக்கு ஆகாது."